டிக்கெட் எடுத்தாச்சு, ஊருக்கு அனுப்பிடலாங்களா டாக்டர்?

திருப்பூர் புறநகரிலிருந்து 47 வயதுப் பெண் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்தில் கட்டிய லைன் வீடுகள் எட்டு. இப்போது எல்லாவற்றிலும் வடமாநிலத்துப் பையன்கள். கடைசி அறையில் ஆறு பேர், ஒடிசாவின் காளாஹண்டி பக்கத்தவர்கள். அவர்களில் ஒருவருக்கு 24 வயது. மூன்று வருடமாக ஒரே பனியன் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலம் ஓவர்லாக் டைலராக இருக்கிறார். "என்னை அம்மான்னுதான் கூப்பிடுவான். சம்பளத்தன்னைக்குப் பேத்திக்கு ஏதாவது வாங்காம வரமாட்டான்" என்கிறார்.

அந்தத் தம்பிக்கு இரண்டு மாதமாக இருமல். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நினைத்து மெடிக்கலில் செட் மாத்திரையும் டானிக்கும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொள்ளும் அளவுக்கு இளைத்துவிட்டார். போன வாரம் சளியில் ரத்தம். தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "டிபி மாதிரி இருக்கு, ஜி.எச். போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகவில்லை. சனிக்கிழமை தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட்டும் கையில் 2,000 ரூபாயும் கொடுத்து, "பொண்டாட்டி கையால சாப்பிட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார். ஊரில் மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறார்கள்.

கணவர் அறையைக் காலி செய்யச் சொல்கிறார். பக்கத்து வீட்டார், இது வடக்கிலிருந்து வந்த வியாதி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடிதம் இப்படி முடிகிறது: "அனுப்பறதுதானுங்க அவனுக்கும் நல்லது? இங்க ரேஷன் கார்டு, விலாசம் எதுவுமில்லாம ஜி.எச்.ல பார்ப்பாங்களா? பேத்திக்கு மூணு வயசு, ஒட்டிக்குங்களா? கம்பெனில நானே சொல்லிடட்டுமா?"

அன்புள்ள சகோதரி,

சனிக்கிழமைக்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தனியாக உடனே எழுதிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல லைன் வீட்டுக்காரர்களும் சூப்பர்வைசர்களும் இருப்பார்கள் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த ரயிலில் அவரை இப்போது ஏற்றிவிடாதீர்கள். இங்கே சளிப் பரிசோதனை முடிந்து, மருந்து தொடங்கி, பெயர் பதிவாகட்டும். அதன்பின் ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் பேத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நியாயம்தான். அதே கவலையை அந்த எட்டு மாதக் குழந்தையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசநோய் அதிகம் பரவுவது கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முந்தைய காலத்தில்தான். சளியில் கிருமி இருக்கும் ஒருவர் மருந்தே தொடங்காமல் ஒன்றரை நாள் நெரிசலான பெட்டியில் உட்கார்ந்து போய், ஒற்றை அறை வீட்டில் கைக்குழந்தையோடு படுத்தால் என்ன ஆகும்? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் ஒரு வயது நிரம்பாதவர்களுக்கு, இந்தக் கிருமி மூளைச் சவ்வு வரை போகக்கூடும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. அப்படிப்பட்ட கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு காக்கும், முழுக் கவசம் கிடையாது. கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த டிக்கெட், உங்கள் வீட்டு ஆபத்தை இன்னொரு வீட்டுத் தொட்டிலுக்கு அனுப்பிவைக்கிற டிக்கெட்.

தம்பிக்கும் அந்தப் பயணம் ஆபத்து. சளியில் ரத்தம் வந்திருக்கிறது. வழியில் அது அதிகமானால் ஏதோ ஒரு ஸ்டேஷனில், மொழி தெரியாத ஊரில் இறங்க வேண்டிவரும். ஊர் போய்ச் சேர்ந்தாலும், ஆஸ்பத்திரி தூரம், கையில் இருப்பது 2,000 ரூபாய், இருமல் கொஞ்சம் குறைந்தால் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றுதான் தோன்றும். எங்களிடம் முற்றிய நிலையில் வருகிறவர்களில் பலர் இப்படி இரண்டு ஊர்களுக்கு நடுவில் மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள்.

ஊருக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஆறு மாத மருந்தைத் தனி அறையில், சமைத்துப்போட ஆளில்லாமல் விழுங்குவது எளிதில்லை. குடும்பத்தோடு இருந்தால் பலர் ஒழுங்காக முடிக்கிறார்கள். மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்றால் தாராளமாகப் போகலாம். முடிவை அவர் எடுக்க வேண்டும், விவரம் தெரிந்து எடுக்க வேண்டும். இதுவரை அவருக்கு யாரும் விவரம் சொன்னதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை.

ரேஷன் கார்டு இல்லாமல் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எந்த மாநிலத்தவர் என்பதோ, உள்ளூர் விலாசம் இருக்கிறதா என்பதோ தடையில்லை. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எக்ஸ்ரேயையும் கிளினிக் சீட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதோடு விடாமல், சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஓரிரு மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும். சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்ப்பார்கள். எல்லா டிபி நோயாளிக்கும் செய்வதுதான், அவரைச் சந்தேகப்பட்டுச் செய்வதாக நினைக்க வேண்டாம்.

பெயர் 'நிக்ஷய்' என்ற தேசியப் பதிவில் ஏறி, அவருக்கு ஒரு எண் கிடைக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்குப் போனாலும் அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையைக் காளாஹண்டிக்கு மாற்றலாம். கிளம்புவதற்கு முன்பே இங்கே சொல்லி மாற்ற வேண்டும். வழிப்பயணத்துக்கும் போய்ச் சேர்ந்த முதல் சில நாட்களுக்கும் மருந்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேற்கு ஒடிசாவில் நுவாகாய் பண்டிகை பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வரும். அந்தச் சமயத்தில் சொல்லாமல் கிளம்பிவிட்டு மருந்து விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை ஏறிவிடுவதால் நோயே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது. ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கேட்பது இந்தப் பணத்துக்காக. அது கையில் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். அலைக்கழிப்பு நேர்ந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் பல இந்திய மொழிகளில் பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம். மாடிப்படி ஏறச் சுவரைப் பிடிக்கிறார் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. டிபி என்று தெரிந்த உடனே எடை, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை வார்டில் சேர்த்துவிடுவார்கள். டிபி சாவுகளில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் நடப்பதால்தான் இந்த ஏற்பாடு. அந்தச் சுவர் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, ரத்தம் வாய் நிறைய வந்தாலோ காத்திருக்காமல் 108.

யார் கூடப் போவது?

எங்கள் பக்கத்துச் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒடிசாக்காரர் என்றாலும் எல்லோரும் அவரிடம் இந்தியில்தான் பேசுவார்கள். அவருக்கு அதுவும் வேலைக்காகக் கற்ற மொழியாக இருக்கலாம். டாக்டர் தமிழும் அரைகுறை இந்தியும் கலந்து கேட்பார், தம்பி எல்லாவற்றுக்கும் "டீக் ஹை" என்று தலையாட்டுவார். வெளியே வெயிட்டிங்கில் நாற்பது பேர் இருப்பார்கள்.

கான்ட்ராக்டரே மொழிபெயர்ப்பாளராக வந்தால் நிலைமை இன்னும் மோசம். "முன்னாடி எப்பவாவது டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கியா?" என்று கேட்டால், அவர் பக்கத்தில் நிற்கும்வரை இல்லை என்றே பதில் வரும். அவர் டீ குடிக்கப் போன பிறகு பர்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த பழைய சிகிச்சை அட்டை வெளியே வரும். அதில் மூன்று மாதம் வரை குறி போட்டிருக்கும், அப்புறம் காலி. பாதியில் விட்ட அந்த மருந்துதான் இப்போது எந்த மருந்து கேட்கும், கேட்காது என்பதற்கு முக்கியத் தடயம். குடிப்பழக்கமும் அப்படித்தான். ஈரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகளைக் கொடுக்கப்போகிறோம், குடிப்பாரா என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். சம்பளம் தருகிறவர் பக்கத்தில் நிற்கும்போது யார் உண்மை சொல்வார்கள்?

அதனால் கான்ட்ராக்டரைத் தவிர்த்து, தம்பி தனக்கு நம்பிக்கையான அறை நண்பர் ஒருவரைக் கூட்டிப்போகட்டும். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், ஊரில் படித்த உறவினரை வீடியோ காலில் வைத்துக்கொள்ளலாம், டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் போதும். நீங்கள் கூடப் போனாலும் நல்லதுதான். கேஸ் ஷீட் நிரப்பும்போது மட்டும் கொஞ்சம் வெளியே நின்றுகொள்ளுங்கள்.

பேத்தியும் மற்ற ஐந்து பேரும்

தட்டு, டம்ளர், துணி, கழிப்பறை, அவர் தைத்த பனியன், எதன் மூலமும் டிபி பரவாது. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளியை நெடுநேரம், மூடிய இடத்தில் சுவாசிப்பவருக்குத்தான் பரவும். அந்த வகையில் உங்கள் பேத்தியைவிட அதிகம் யோசிக்க வேண்டியது அதே அறையில் தூங்கும் ஐந்து பேரைப் பற்றி. அவர்கள் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நோய் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவதுண்டு, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் சாப்பிடும் வகையும் இருக்கிறது. பேத்தி அந்த அறையில் இருந்தவள் இல்லையென்றாலும் வயது மூன்று, அவரோடு பழகியவள். குழந்தை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லிக் காட்டிவிடுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

முதல் இரண்டு வாரம் தம்பி முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். முடிந்தால் திண்ணையில், காற்றோட்டத்தில் படுக்கட்டும். கடைசி அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல், அதையும் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்துக் கொடுங்கள். வீட்டுக்காரராக நீங்கள் செய்யக்கூடிய மருத்துவம் அது.

நோயாளி வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் வந்துவிடும் என்ற பயத்துக்கு, கணவரிடம் ஒரு சென்னைக் கதையைச் சொல்லுங்கள். 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். டிபி நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான தனி மருத்துவமனையில், சேர்த்தார்கள். மற்றவர்களை, நெருக்கடியான ஏழை வீடுகளில் குடும்பத்தோடு இருக்கவிட்டு மருந்து மட்டும் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகவும் வரவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த வியாதி என்பவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உலக டிபி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர், தமிழ்நாட்டு வார்டுகளிலும் நம் ஆட்களே நிறையப் படுத்திருக்கிறார்கள். கிருமி உள்ளே போய்ப் பல வருடம் சும்மா கிடந்து பிறகு தலைதூக்கும் என்பதால், இவருக்கு எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னல் அடைத்த அறையில் ஆறு பேர், ஒன்றரை ஷிப்ட் வேலை, ராத்திரிக்கு வெறும் சோறும் உருளைக்கிழங்கும் என்றால் எந்த ஊர்க்காரருக்கும் தலைதூக்கும்.

சாப்பாடு உண்மையிலேயே முக்கியம், கான்ட்ராக்டர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்போடு சத்து மாத்திரையும் கொடுத்ததிலேயே அவர்களுக்குப் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகள் சாவதும் குறைந்தது. முட்டை, பயறு, கடலை, பால் போதும். விலையுயர்ந்த புரத மாவு டப்பா வேண்டாம்.

கம்பெனி, இ.எஸ்.ஐ., வேலை

கம்பெனியில் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். நோய் அவருடையது, யாரிடம் சொல்வது என்பதும் அவர் விருப்பம். டிபி என்று தெரிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை டாக்டருக்கு உண்டு. அது சுகாதாரத் துறைக்குப் போகும் தகவல், முதலாளிக்குப் போவதில்லை.

ஆனால் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறது, கார்டு மட்டும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு. சீட்டில் இருக்கும் காப்பீட்டு எண்ணோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், டாக்டரிடம் விடுப்புச் சான்று வாங்க வேண்டும். பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாகத் தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். டிபி நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து போதிய சந்தா கட்டியவர்களுக்கு அதற்குப் பிறகும் 80 சதவீதம் கிடைக்க வழியுண்டு. மாதம் 15,000 வாங்குகிறவருக்கு இது ஏறக்குறைய 10,500 முதல் 12,000 ரூபாய். கான்ட்ராக்டர் கொடுத்த 2,000 ரூபாயை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை என்று தெரிந்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். கான்ட்ராக்டர் கட்டாததற்குக் கம்பெனியையும் கேட்பார்கள். உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்தது. இப்போது தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றியிருப்பதால், இந்த இடத்தில் ஒரு தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ கேட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதில் அவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்த ஐந்து பேரும் அதே கான்ட்ராக்டரிடம்தான் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எதுவும் எழுதிப் போட வேண்டாம்.

மருந்து தொடங்கிய பின்

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். மாத்திரையின் சாயம்தான், பயப்பட வேண்டியதில்லை. இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, பார்வை மங்குவது, இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதமும் சாராயம் கூடாது. உடம்பு தேறிவிட்டால் ஓரிரு மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம், நைட் ஷிப்ட் மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம்.

சோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகை என்று வந்துவிட்டால் மருந்து, காலம், பயணம் பற்றி மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். அப்போது அந்த ஐந்து பேருக்கான தடுப்பு மருந்தையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.